எண்பத்தெட்டு அங்குலமும் ஒரு பை கடலையும்

அப்பா கொண்டுபோன வேர்க்கடலையால்தான் ஒரு ரேஸ் கார் சுவரில் மோதியது என்று நீங்கள் இரண்டு பேரும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பெரியவள் அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகவே எழுதி 'ஏ' வாங்கிவிட்டாள். வாசித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நான் போட்டிருந்த சட்டையின் நிறம்கூடச் சரி. கார் மோதிய காரணம் மட்டும்தான் தப்பு. கடலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் போன மார்கழியில் காலமாகிவிட்டார். மிச்சம் நான். அதனால் எழுதி வைக்கிறேன். தமிழில் எழுதினால் பிள்ளைகள் எப்போது வாசிப்பார்கள் என்று அம்மா கேட்கிறாள். அவசரமில்லை.

நீங்கள் 'டயர் அங்கிள்' என்று கூப்பிட்டவர் எனக்கு அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். நாம் டெக்ஸஸில் இந்த பிளானோ ஊருக்கு வந்த புதிதில் அவரை முதலில் பார்த்தது கோயில் பார்க்கிங்கில். ஜனங்கள் எல்லாம் உள்ளே சாமி பார்க்கப் போய்க்கொண்டிருக்க, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நம் வேனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முன் டயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“இந்த வேன் ஆற்றை, உம்மடயோ?”

“ஆமாங்க. ஏனுங்க?”

“உள்பக்கம் மொட்டை. வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. அலைன்மென்ட் பாத்து எத்தினை வருசம்?”

நான் டயர் கடையில் வேலை பார்க்கிறவன் என்பதை அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கேவலம்.

“சரி, போய்க் கும்பிட்டிட்டு வாரும். திரும்பிப் போகேக்க டோல்வேயில அறுபதைத் தாண்டாதேயும். சாமியும் ஒரு அளவுக்குத்தான் பாக்கும்.”

நம் ஆட்கள் அவரை 'டயர் எஞ்சினியர்' என்பார்கள். அவரோ அவர் மனைவி அக்காவோ அப்படிச் சொன்னதில்லை. “ரேஸ் காருக்கு டயர் பாக்கிறார்” என்றுதான் அக்கா சொல்வார். கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் எஞ்சினியர் பட்டத்தைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். இங்கே தமிழர்கள் எஞ்சினியராகவோ டாக்டராகவோ இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு ஒரு சங்கடம். என்னையும் ஒரு பொங்கல் விழாவில் 'ஆட்டோமோட்டிவ் ஃபீல்ட்' என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் பத்தாம் வகுப்பும் ஐடிஐயும். மறுக்கப் போனேன், அம்மா காலை மிதித்தாள்.

அண்ணனின் வேலை இதுதான். ஸ்டாக் கார் என்றால் பார்வைக்கு நம் தெருவில் நிற்கிற கார் மாதிரியே இருக்கும் ரேஸ் கார். முட்டை வடிவப் பாதையில் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றி வரும். வலது பக்கம் திரும்புகிற ஜோலியே கிடையாது. எப்போதும் இடது பக்கம் திரும்புகிற காருக்கு வலது பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் வலது டயர் இடது டயரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி டயர் என்றாலும் ஒவ்வொன்றும் சுற்றளவில் ஒரு நூல், அரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று மாறும். அண்ணன் ஒவ்வொரு டயரையும் சுற்றி இரும்பு டேப்பை இறுக்கி, அளவை வாசித்து, மஞ்சள் சாக்குக்கட்டியால் டயரின் பக்கவாட்டில் எழுதி, இதற்கு இது ஜோடி என்று பிரித்து வைப்பார். பின் சக்கரங்களுக்கு அவர் கணக்கு இடது எண்பத்தாறு அங்குலம், வலது எண்பத்தெட்டு.

நாமக்கல்லில் லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது, இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லையென்றால் முதலாளி அடிக்க வருவார். இங்கே இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கார் திரும்பாது. நேரே சுவருக்குப் போகும். நான் படித்துவிட்டு வந்த ஒரே வித்தையும் இந்த ஊரில் தலைகீழ்.

முப்பது வருடம் பல குழுக்களில் இந்த வேலையைத்தான் அவர் பார்த்தார். கார் ஜெயித்தால் ஓட்டுநர், முதலாளி, மெக்கானிக்குகள் எல்லோரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் அண்ணன் பின்னால் டயர்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு படத்தில் மட்டும் அவருடைய முழங்கை விழுந்திருக்கிறது. அக்கா அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். வருகிறவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுவார்: “இதுதான் இவர்.”

நான் சனிக்கிழமைகளில் அவருக்கு உதவியாகப் போகத் தொடங்கியது டயர் மேல் உள்ள ஆசையால். சம்பளம் இல்லை. முதல் இரண்டு வருடம் அவர் தன் காரில் வந்தார். மூன்றாம் வருடம், “ரெண்டு வாகனம் என்னத்துக்கு, வீண் பெட்ரோல்” என்று என் வேனில் ஏறிக்கொண்டார். நான் நம்பிவிட்டேன். பெட்ரோல் மிச்சம் என்று ஒருவர் சொன்னால் அதைத் தாண்டி யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அக்கா தினமும் ஒரு பாட்டுப் பாடுவார். நியூஜெர்சியில் மகள் வீடு. பேஸ்மென்ட்டில் தனி அறை, தனிக் குளியலறை, தமிழ் சேனல் எல்லாம் தயார்.

“இந்த சீசனோட சரி எண்டவர் தம்பி. எத்தினை சீசன்? இனி ஒரு பிழை விட்டு அவங்களே போ எண்டு சொன்னாத்தான் இந்த மனுசன் வருவார்.”

“பிழை விட்டா வாறன்,” என்பார் அண்ணன். “விடேக்க பாப்பம்.”

அவ்வளவுதான் பந்தயம். தப்பு செய்தால் நியூஜெர்சி. அவருக்கு நியூஜெர்சி மேல் கோபம் ஒன்றும் கிடையாது. “நல்ல இடம்தான், ஆனா எனக்கு அங்க என்ன வேலை? பேரனுக்கு ஸ்ட்ரோலர் டயர் அளக்கிறதோ?” என்பார்.

இனி கடலை. ரேஸ் நடக்கிற இடத்தில், கார்களைத் தயார் செய்யும் பகுதிக்குப் பிட் என்று பெயர். கம்பி வேலி போட்டிருக்கும். பழைய ரேஸ் ஆட்களுக்கு அந்த வேலிக்குள் சில விஷயங்கள் ஆகாது. பச்சை நிறம் ஆகாது. ஓட்டோடு உள்ள வேர்க்கடலை ஆகவே ஆகாது. யாரோ எப்போதோ கடலை தின்றார்களாம், ஓடு கிடந்த காரெல்லாம் மோதியதாம். நம் குழுவின் முதலாளி பிளம்பிங் கம்பெனி வைத்திருக்கும் டெக்ஸஸ்காரர், நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கடலை விஷயத்தில் மட்டும் அவர் கடவுளைக்கூட நம்பத் தயாரில்லை. கார் ஓட்டுகிறவன் அவருடைய மருமகன். அவனுக்கு மாமனார் எதை நம்பினாலும் நம்பிக்கை.

இது எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை. செருப்போடு சாமி அறைக்குள் போகக் கூடாது என்று நாம் யாருக்காவது சொல்வோமா? அது மாதிரி.

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் சீசனின் கடைசி ரேஸ். கராஜில் என்னுடைய ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அம்மா பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் கலந்தாள். வேர்க்கடலை மட்டும் ஓட்டோடு வறுத்ததாகக் கிடைத்தது, பெரிய பை. உரிக்க நேரமில்லை, அப்படியே போட்டுவிட்டோம். நீங்கள் இருவரும் பொரியை விட்டுக் கடலையைப் பொறுக்கித் தின்றது ஞாபகம் இருக்கும். கட்டுரையில் அது இல்லை.

சனிக்கிழமை காலை வேனில் அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணா, ரேஸ் காருக்கும் ஒரு பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கிடலாங்களா? கடைசி ரேஸு.”

“உதெல்லாம் வேண்டாம் தம்பி. நான் டேப்பைத் தவிர ஒண்டையும் நம்புறேல்லை. எலுமிச்சம்பழத்தில ஏறின டயருக்குச் சுற்றளவு கூடுமே? கூடாது. பிறகென்ன?”

சரி, பிரசாதமாவது கொடுக்கலாம் என்று பையைப் பிட்டுக்குள் கொண்டுபோய் டூல் பெட்டிமேல் வைத்தேன். மெக்கானிக்குகள் இரண்டு பேர் பொரியையும் கடலையையும் அள்ளித் தின்றார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். அவர்கள் இளைஞர்கள், அவர்களுக்கும் கடலை விவகாரம் தெரியாது போல. ஓடுகள் காருக்குப் பக்கத்திலேயே விழுந்தன.

பிற்பகல் ரேஸ் தொடங்கியது. பாதியில் நான்கு டயரையும் மாற்றினார்கள், அண்ணன் ஜோடி சேர்த்து வைத்திருந்த புது டயர்கள். கார் வெளியே போனதும் மருமகனின் குரல் ரேடியோவில் வந்தது: கார் திரும்ப மாட்டேன் என்கிறது. டயர் சூடாகட்டும், பொறு என்றார் முதலாளி. டயர் சூடாவதற்குள், நான்காவது சுற்றிலேயே கார் சுவரைத் தொட்டுவிட்டது. வலது முன்பக்கம் அப்பளம். மருமகன் தானே இறங்கி நடந்து வந்தான். ஒரு கீறல் இல்லை. வாயில் மட்டும் கெட்ட வார்த்தை.

முதலாளி காரைப் பார்க்கப் போகத் திரும்பினார். ஷூவுக்கு அடியில் நறுக்கென்று ஒரு சத்தம். காலைத் தூக்கிப் பார்த்தார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். “இதை யார் கொண்டு வந்தது?”

“நான்தான். பிரசாதம்,” என்றேன். கடவுளுக்குப் படைத்தது என்று விளக்கினேன். எந்தக் கடவுள் என்று கேட்டார். கருவிகளுக்கான பூஜை என்றேன். அவர் நொறுங்கிய காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் விளக்கவில்லை. கேட்டைக் காட்டினார். இனிமேல் இந்த வேலிக்குள் உன்னைப் பார்க்கக் கூடாது, உயிரோடு இருக்கும்வரை கூடாது என்றார். யாருடைய உயிர் என்று சொல்லவில்லை.

வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார், வலது பின் சக்கரம். மோதலில் அது தப்பியிருந்தது, காற்றுகூட இறங்கவில்லை. டேப்பைச் சுற்றி இறுக்கி, சேருகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

“வாசியும்.”

“எண்பத்தாறுங்கண்ணா.”

“திரும்ப வாசியும்.”

“எண்பத்தாறேதானுங்க.”

டயரில் மஞ்சளில் அவர் கையெழுத்தில் 88 என்று இருந்தது. இடது பின் டயரும் எண்பத்தாறு. இரண்டும் ஒரே அளவு.

“எனக்கு எட்டும் ஆறும் ஒண்டு மாதிரித் தெரியுது தம்பி,” என்றார். “எட்டு மாசமா. நடுவில ஒரு கறுப்பு. ஓரத்தால பாத்தா உம்மட காது தெரியும், முகம் தெரியாது. கண் டாக்டர் இது திரும்பி வராது எண்டிட்டான். அக்காவுக்குச் சொல்லேல்லை.”

பெட்ரோல் மிச்சம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அண்ணா, அவங்க கடலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. விட்டுடுங்க. உங்க பேரு வராது. நான் சமாளிச்சுக்கறேன்.”

அவர் டேப்பைச் சுருட்டினார்.

“முப்பது வருசமா டேப்பை மட்டும் நம்பினவன் நான். கடைசியில ஒரு கச்சான் கொட்டைக்குப் பின்னால ஒளியச் சொல்லுறீரோ?” கச்சான் என்றால் அவர் ஊரில் வேர்க்கடலை.

திங்கட்கிழமை மாலை அவரை முதலாளியின் பிளம்பிங் கிடங்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறார், வேலை போகும், பிறகு நியூஜெர்சி. நல்ல சட்டை போட்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்ததும் ஷட்டருக்கு வெளியே நிற்கச் சொன்னார். தண்ணீர்க் குழாய்களுக்கும் கடலை ஆகாது போல. வெளியே நின்றே எல்லாவற்றையும் கேட்டேன்.

அண்ணன் சக்கரத்தை முன்னால் வைத்தார். என் தப்பு என்றார். ஆறை எட்டு என்று வாசித்துவிட்டேன், அளந்து பாருங்கள் என்றார். முதலாளி அளந்தார். எண்பத்தாறு. தலையைச் சொறிந்தார். மோதியதில் சுருங்கியிருக்கும் என்றார். காற்றே இறங்காத டயர் இரண்டு அங்குலம் சுருங்காது என்றார் அண்ணன். முதலாளி டேப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி, நீ தப்பாக வாசித்தாய் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வருடத்தில் ஒரு தடவை தப்பாக வாசித்திருக்கிறாயா?”

“இல்லை.”

“அப்படியானால் அன்றைக்கு மட்டும் ஏன்?” விரல் ஷட்டருக்கு வெளியே நீண்டது. நான் இருக்கிற பக்கம். “அன்றைக்குப் புதிதாக என்ன இருந்தது?”

அண்ணன் கண்ணைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். முதலாளி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். நண்பனைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த சீசனுக்கும் நீதான் என்று கையைக் குலுக்கி அனுப்பினார்.

வேனில் ஏறியதும் அண்ணன் கேட்டார்: “இப்ப நான் என்ன செய்யிறது? வேலையும் போகேல்லை, கண்ணும் வரேல்லை.”

தப்பான அளவோடு காரை அனுப்ப அவர் தயாரில்லை. முதலாளியோ அவரை விடத் தயாரில்லை. டேப்பை வாசிக்க ஒரு ஆள் வேண்டும், வாய் மூடுகிற ஆள். அப்படி ஒருவன் இருந்தான். வேலிக்குள் காலை வைக்கத்தான் அவனுக்கு அனுமதி இல்லை.

அடுத்த சீசன் முழுக்க நாங்கள் செய்தது இதுதான். அண்ணன் டயர்களை ஒவ்வொன்றாக பிட்டின் பின்பக்கம், வேலியோரம் உருட்டி வருவார். வேலிக்கு வெளியே நான் ஒரு மடக்கு நாற்காலியில், ஐஸ் பெட்டியோடு, ரேஸ் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அவர் டேப்பைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி, டயரைக் கம்பிக்கு ஒட்டி நிறுத்துவார்.

“வாசியும்.”

“எண்பத்தேழேகால்.”

“திரும்ப.”

“எண்பத்தேழேகாலுங்கண்ணா.”

ஒவ்வொரு டயருக்கும் இரண்டு தடவை. ஒரு தடவைகூட ஒரே வாசிப்பில் விட்டதில்லை. மஞ்சள் எழுத்து இப்போது ரொம்பப் பெரிதாக இருந்தது, சின்னப் பிள்ளை எழுதுகிற மாதிரி. அந்த சீசனில் கார் மூன்று தடவை ஜெயித்தது. கடலை நின்றதால்தான் என்றார்கள்.

கடைசி ரேஸுக்கு முந்தின வாரம் முதலாளி வேலியோரம் வந்துவிட்டார். சிறுநீர் கழிக்க மறைவிடம் தேடி வந்தார் என்று நினைக்கிறேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன், நடுவில் டயர், நான் “எண்பத்தெட்டு” என்று சொல்கிறேன்.

அண்ணன் இந்த முறை அவரை முந்திக்கொண்டார். “எனக்குக் கண் தெரியாது. ஒன்றரை வருடமாகத் தெரியாது. அவன் வாசிக்கிறான், நான் எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.”

முதலாளி டயரைப் பார்த்தார். அண்ணனின் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு என் ஐஸ் பெட்டியைக் காட்டினார்.

“அதைத் திற.”

திறந்தேன். தயிர்சாதம், ஊறுகாய், இரண்டு சோடா.

“கடலை இல்லையே?”

“இல்லை.”

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் வேலிக்கும் நடுவே இருந்த தரையைக் கண்ணால் அளந்தார். பிறகு சொன்னார், “சரி. அவன் அந்தப் பக்கமே இருக்கும்வரை பரவாயில்லை.”

அவ்வளவுதான். கண் தெரியாத டயர்க்காரர் இருக்கலாம். கடலைக்காரன் உள்ளே வரக் கூடாது.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அண்ணன் அன்றைக்கே வீட்டில் சொன்னார். நான் கூடவே போயிருந்தேன், அக்கா அழுதால் தேற்றலாம் என்று. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“எனக்குத் தெரியும். ஒரு வருசமா கத்தரிக்காய்க் கறியை உருளைக்கிழங்கு நல்லாயிருக்கு எண்டெல்லோ சாப்பிடுறியள்.”

“அப்ப ஏன் டிக்கெட் போடேல்லை? பிழையும் விட்டிட்டன், கண்ணும் போட்டுது.”

“உங்களை நியூஜெர்சியில நாள் முழுக்க வீட்டில வைச்சு ஆர் பாக்கிறது?” என்றார் அக்கா. “சனிக்கிழமையாவது எனக்கு வீடு வேணும்.”

அதற்குப் பிறகு இரண்டு சீசன் அண்ணன் வேலியோரம் டயர் உருட்டினார். போன மார்கழியில் நெஞ்சுவலி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி, முடிந்தது. அஞ்சலிக் கூட்டத்தில் நம் ஆட்கள் நான்கு பேர் அவரை எஞ்சினியர் என்று பேசினார்கள். மேஜைமேல் முழங்கைப் படத்தை அக்கா நிமிர்த்தி வைத்திருந்தார். முதலாளி கோட்டு சூட்டோடு மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டு, சாப்பாட்டில் கடலை இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். சுண்டல் கொண்டைக்கடலைதான் என்றேன். அது வேறா என்றார். வேறு என்றேன். நம்பி உள்ளே வந்தார். பேசச் சொன்னபோது, முப்பது வருடத்தில் ஒரு அளவுகூடத் தப்பாத மனிதர் என்றார். இரண்டு தடவை தன் வாயாலேயே சொல்லியும் நம்ப வைக்க முடியாத ஒரு தப்பு அவரோடு எரிந்து போனது.

ஆகவே பெரியவளே, கட்டுரையை மாற்ற வேண்டாம். டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னாலும், அப்பாவைக் காப்பாற்றுகிற நல்ல பிள்ளை என்று இன்னொரு 'ஏ' போடுவார்.

இந்த சீசனுக்கும் முதலாளி கூப்பிட்டார். உள்ளே இல்லை, பழைய இடத்தில்தான். மருமகன் டயரை வேலியோரம் உருட்டி வந்து, டேப்பைச் சுற்றிக் கட்டைவிரலை வைக்கிறான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான்தான் வாசிக்க வேண்டுமாம், இந்த ஏற்பாட்டில்தான் ஜெயிக்கிறோமாம். நான் சொன்னதும் எழுதப் போய்விடுகிறான். திரும்ப வாசி என்று கேட்க அவனுக்குத் தெரியவில்லை. அவன் குனிந்து எழுதும்போது, நானே இன்னொரு தடவை வாசித்துக்கொள்கிறேன்.